தண்ணீர்க் கேனோடு வடக்கே

கடந்த ஏப்ரல் 5ஆம் தேதி, விடிவதற்கு முன்பு, நானும் என் துணைவியும் புதுச்சேரியிலிருந்து காரில் வடக்கே கிளம்பினோம். நான் அரசுத் துறை ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். சென்னையில் அவருடைய தங்கை வீடு, சீராலாவில் என்னுடைய பழைய இயக்க நண்பர், ஹைதராபாத்தில் எங்கள் மகள், நாகபுரியில் இன்னொரு நண்பர். இவர்களையெல்லாம் பார்த்துக்கொண்டே போய் ஏப்ரல் 14 அன்று தீட்சா பூமியில் இருக்கவேண்டும் என்பது திட்டம். போக மட்டும் ஆயிரத்து முன்னூறு கிலோமீட்டருக்கு மேல்.

நாள்காட்டிப்படி இளவேனில் தொடங்க இன்னும் ஒன்பது நாள் இருந்தது. சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். யார் வைத்த பெயரோ, எங்கள் ஊர் வெயிலை அவர் பார்த்திருக்கமாட்டார். வேம்பு மட்டும் பூத்திருந்தது. தெரு முழுக்க அந்த வாசனை.

பின் இருக்கையில் சீட் பெல்ட் போட்டு உட்கார வைக்கப்பட்டிருந்தது ஒரு 20 லிட்டர் தண்ணீர்க் கேன். “இசிஆர் ரோட்டில் பத்தடிக்கு ஒரு கடை. எதுக்கு இது?” என்று கேட்டேன். “இருக்கட்டும்ங்க” என்றார். கல்யாணமாகி முப்பத்தாறு ஆண்டுகளாக இதே பதில்தான். பஸ்ஸில் போன காலத்தில் கூஜா. பிறகு பிளாஸ்டிக் குடுவை. கார் வந்ததும் கேன். வடிவம் மாறியிருக்கிறது, பழக்கம் மாறவில்லை.

அவர் பிறந்தது விழுப்புரம் பக்கம் ஒரு சேரி. வெளியூர் போனால் வழியில் யாரிடமும் தண்ணீர் கேட்கக் கூடாது என்பது அவருடைய அம்மா போட்ட சட்டம். கேட்டால் “எந்த ஊரு, எந்தத் தெரு?” என்று கேள்வி வரும். பதில் சொன்னால், இரண்டு கையையும் குவித்து ஏந்தச் சொல்லி உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். பாதி முழங்கை வழியாக ஓடிவிடும். அதைவிடத் தாகமே மேல் என்று அந்த அம்மா நினைத்திருக்கிறார். இன்றைக்கும் என் துணைவி எங்கே தண்ணீர் குடித்தாலும் அண்ணாந்துதான் குடிப்பார். எங்கள் வீட்டு டம்ளரிலும் அப்படித்தான். சுத்தத்துக்காக என்று வெளியே சொல்லிக்கொள்வோம்.

புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருப்பது ஆயி மண்டபம். தன் மாளிகையை இடித்துவிட்டு அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டியதாகச் சொல்லப்படும் ஒரு தாசிப் பெண்ணின் நினைவாக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பியது. தண்ணீர் கொடுத்தவளை அரசுச் சின்னமாக வைத்திருக்கும் ஊர் நம்முடையது. அந்தத் தண்ணீரை யார் யார் மொண்டு குடித்தார்கள் என்பதைச் சின்னத்தில் காட்டமுடியாதுதான்.

பெட்ரோலை ஊரிலேயே நிரப்பிக்கொண்டோம். தமிழ்நாட்டைவிட இங்கே மலிவு. கோட்டக்குப்பம் வந்தால் தமிழ்நாடு, காலாப்பட்டு வந்தால் மறுபடியும் புதுச்சேரி, அதைத் தாண்டினால் மறுபடியும் தமிழ்நாடு. அரை மணி நேரத்துக்குள் மூன்று எல்லை. 1954க்கு முன்பு இந்த எல்லைகளில் சுங்கச் சோதனை இருந்தது. மூட்டையை அவிழ்த்துக் காட்டாமல் நகரமுடியாது என்று என் தாத்தா சொல்வார். பிரெஞ்சுக்காரர்கள் 1881 செப்டம்பரில் ஓர் ஆணை போட்டார்கள். தன் சாதி வழக்கச் சட்டத்தைத் துறப்பதாகக் கையெழுத்துப் போட்டால், குடும்பப் பெயர் ஒன்றை ஏற்று பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். நம் மக்களிலும் பலர் அப்படித் துறந்தார்கள். சைகோன் வரைக்கும் கப்பலேறிப் போய் வேலை பார்த்தார்கள். என் தாத்தா கையெழுத்துப் போடவில்லை. அதற்காக என் அப்பா கடைசிவரை அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். கப்பலில் போகலாம், ஆனால் லீவில் வந்தால் ஊர்த்தெரு வழியாக சைக்கிளில் போகமுடியாது, அதற்கு எதற்குக் கையெழுத்து என்பது தாத்தாவின் வாதம். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டும்போது சூரியன் வந்துவிட்டது. சென்னையில் தங்கை வீட்டில் ஓர் இரவு. மறுநாள் தடா தாண்டி ஆந்திரத்துக்குள் நுழைந்தோம். தேசிய நெடுஞ்சாலை 16. ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டாக்கைப் பார்த்து, தடுப்புக் கம்பி தானாக மேலே போனது. மூன்றாவது சாவடி வந்தபோது எனக்கு அம்பேத்கர் நினைவு வந்தது.

‘வெயிட்டிங் ஃபார் எ விசா’ என்ற அவருடைய சிறு நூலைப் படித்தவர்களுக்குத் தெரியும். 1901இல், ஒன்பது பத்து வயதுச் சிறுவனாக, அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் சத்தாராவிலிருந்து கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்கப் போகிறார். புதுச் சட்டை, தொப்பி, கோடை விடுமுறைப் பயணம். மசூர் ஸ்டேஷனில் இறங்கினால் கூட்டிப்போக ஆள் வரவில்லை. பிள்ளைகள் மஹர் என்று தெரிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் விலகிப்போகிறார். இரண்டு மடங்கு கூலிக்கு ஒரு மாட்டுவண்டி கிடைக்கிறது. ஆனால் வண்டிக்காரன் அவர்களோடு உட்காரமாட்டான். பிள்ளைகள் வண்டியை ஓட்ட, அவன் கூடவே நடந்து வருகிறான். கையில் சோறு இருக்கிறது, தண்ணீர் இல்லை. ராத்திரியில் சுங்கச்சாவடிக்காரரிடம் போய், வண்டிக்காரன் சொல்லிக் கொடுத்தபடி, தாங்கள் முஸ்லிம்கள் என்று சொல்லித் தண்ணீர் கேட்கிறார்கள். அவர் கொடுக்கவில்லை. சோற்றைச் சாப்பிடாமலே பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

இந்தக் கதையைக் கூட்டங்களில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சுங்கச்சாவடியில் நின்றுகொண்டு அதை நினைத்தது இதுதான் முதல் தடவை. ஃபாஸ்டாக் சாதி கேட்பதில்லை. அதை என் துணைவியிடம் சொன்னேன். “அது தண்ணியும் கொடுக்கறதில்லையே” என்றார்.

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் கார் வாங்கத் தொடங்கிய காலத்தில், விக்டர் ஹ்யூகோ கிரீன் என்ற ஹார்லெம் தபால்காரர் ஒரு கையேடு போட்டார். எந்த ஊரில் எந்த விடுதி தங்கவிடும், எந்த உணவகம் சாப்பாடு போடும், எந்த பங்கில் பெட்ரோல் கிடைக்கும் என்ற பட்டியல். 1936இல் தொடங்கி அறுபதுகளின் நடுப்பகுதி வரை வந்தது. நமக்கு அப்படி ஒரு புத்தகம் கிடையாது. நம்மிடம் இருந்தது உறவுக்காரர்களின் விலாசம். எந்த ஊருக்குப் போனாலும் “அங்க நம்மாளு யாரு இருக்கா?” என்றுதான் முதலில் விசாரிப்போம். இந்தப் பயணத்தை நான் திட்டமிட்டதும் அப்படித்தான் என்று ஓங்கோல் தாண்டும்போது உறைத்தது. நான்கு இரவு தங்கல், நான்கும் நம்மாட்கள் வீடு. லாட்ஜ் ஒன்றுகூட என் பட்டியலில் இல்லை. கையில் காசு இருக்கிறது, ஆனாலும் இல்லை.

சீராலா நண்பர் ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியர். முப்பது ஆண்டுப் பழக்கம். என் தெலுங்கும் அவருடைய தமிழும் ஒரே லட்சணம், அதனால் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வோம். வெயில் தாழ்ந்ததும் எங்களை விஜயநகர் காலனிக்குக் கூட்டிப்போனார். காரம்சேடுவிலிருந்து தப்பி வந்தவர்கள் குடியேறிய இடம். காரம்சேடு அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். அப்போது பிரகாசம் மாவட்டம், இப்போது பாபட்லா மாவட்டம்.

1985 ஜூலை 16. சாதி இந்து இளைஞன் ஒருவன் எருமைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, வாளியிலிருந்த கழிவை மாதிகா மக்கள் குடிநீர் எடுக்கும் குளத்தில் ஊற்றினான். தட்டிக்கேட்டபோது அடிக்க வந்தார்கள். தண்ணீர் எடுக்க வந்திருந்த சுவார்த்தா என்ற பெண் குடத்தை ஓங்கினார். மறுநாள் காலையில் திரண்டு வந்து தாக்கினார்கள். ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். உயிர் தப்பியவர்கள் சீராலாவுக்கு ஓடிவந்து தேவாலய வளாகத்தில் தஞ்சம் புகுந்தார்கள், திரும்பிப் போகவில்லை. உயர்நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞராக இருந்த பொஜ்ஜா தாரகம் பதவியைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தார். கத்தி பத்மாராவ் போன்றவர்களோடு தலித் மகாசபை உருவானது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குப் பின்னால் இருக்கும் நிகழ்வுகளில் காரம்சேடுவும் ஒன்று. உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2008இல். இருபத்துமூன்று ஆண்டுகள்.

நான் எல்லாரிடமும் கேட்டுக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். என் துணைவி ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டு அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, இவருக்குத் தெலுங்கு தெரியாது. இரண்டு பேரும் தெருக்குழாயைக் காட்டிக் காட்டி ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினீர்கள் என்று பிறகு கேட்டேன். “தண்ணி எத்தன மணிக்கு வருதுன்னு கேட்டேன்” என்றார்.

இரவு சாப்பாட்டின்போது நண்பர் கேட்டார்: “உங்கள் வேங்கைவயல் என்ன ஆயிற்று?” சொன்னேன். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரிந்தது. இரண்டு ஆண்டுக்கு மேல் விசாரித்த சிபிசிஐடி, 2025 ஜனவரியில் தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில், பாதிக்கப்பட்ட அந்தத் தெருவைச் சேர்ந்த மூன்று பேரையே குற்றம் சாட்டியிருக்கிறது. நண்பர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் தவறாகச் சொல்கிறேனோ என்று நினைத்து, தன் மனைவியிடம் தெலுங்கில் திருப்பிச் சொல்லி, மறுபடியும் என்னிடம் சரிபார்த்துக்கொண்டார். பெரியார் மண் என்று நாம் மேடையில் சொல்லும் வார்த்தையை அன்று அந்த மேசையில் என்னால் சொல்லமுடியவில்லை.

விஜயவாடாவில், 2024 ஜனவரியில் திறந்த 125 அடி அம்பேத்கர் சிலையைப் பார்த்தோம். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். படம் எடுத்துக்கொண்டோம்.

ஹைதராபாத்தில் மகள், மருமகன், ஒன்பது வயதுப் பேரன். அடுக்குமாடிக் குடியிருப்பு. பேரனுக்கு எங்கள் காரில் மிகவும் பிடித்தது சீட் பெல்ட் போட்ட தண்ணீர்க் கேன்தான். “பாட்டி, எங்க வீட்லயும் கேன் வாட்டர்தானே. நீங்க ஏன் அங்கிருந்து தூக்கிட்டு வந்தீங்க?” என்று கேட்டான். “ஊர்த் தண்ணி மாறினா பாட்டிக்கு ஒத்துக்காதுடா கண்ணு” என்றார் அவர்.

எனக்குச் சுருக்கென்றது. ராத்திரி மொட்டை மாடியில் மகளிடம் சொன்னேன், அவனுக்கு இப்போதே சொல்லவேண்டும், அம்பேத்கருக்கு இது நடந்தபோது இதே வயசுதான் என்று. மகள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “அப்பா, நீங்க எங்களுக்குச் சொன்னீங்க. நான் ஆறாம் வகுப்புல இருந்து யார் வீட்டுக்குப் போனாலும் டம்ளரைத்தான் பார்த்துட்டு இருந்தேன். அவங்க வீட்டு டம்ளரா, தனி டம்ளரான்னு. இவன் இன்னும் ரெண்டு வருஷம் டம்ளரைப் பார்க்காம தண்ணி குடிக்கட்டுமே.” எனக்குப் பதில் வரவில்லை. நான் சொல்வது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

அதே ஊரில் என் பழைய அலுவலக நண்பர் ஒருவர் மகன் வீட்டில் இருக்கிறார். ஆந்திரக் கரையிலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்கு வந்தவர், என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். இருபத்தெட்டு ஆண்டுகள் அடுத்தடுத்த மேசை. எங்கள் துறையில் பதவி உயர்வுக்கான இனச்சுழற்சிப் பதிவேட்டில் நடந்த குளறுபடியை நாங்கள் கிளப்பியபோது, நம்மாள் அல்லாதவர்களில் எங்கள் மனுவில் கையெழுத்துப் போட்ட ஒரே ஆள் அவர். அதற்காக அவரையும் இடம் மாற்றினார்கள். ஓய்வு பெற்றபின் வாரம் ஒரு போன். “ஒரு தடவ வீட்டுக்கு வா” என்று ஏழு வருடமாகக் கூப்பிடுகிறார்.

போனோம். கீழே வாசலிலேயே மனைவியோடு நின்றிருந்தார். கட்டிப்பிடித்தார், கண் கலங்கினார். “மேல பெயிண்ட் வேலை நடக்குது, ஒரே தூசி. வா, வெளிய சாப்பிடலாம்” என்று பெரிய ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். மூன்று மணி நேரம் பேசினோம், சிரித்தோம். பில்லை என்னைப் பார்க்கவே விடவில்லை.

திரும்பும்போது காரில் பேச்சே இல்லை. சிக்னலில் நின்றபோது என் துணைவி சொன்னார், “பெயிண்ட் வாசன அவங்க மேல கொஞ்சம்கூட வரலியே.”

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேலா, இவர் மேலா என்று தெரியவில்லை. “இருபத்தெட்டு வருஷம் பழகினவன். மனுவில கையெழுத்து போட்டவன்” என்றேன்.

“கையெழுத்து போட்டாரு. இல்லன்னு சொல்லல. நம்ம வீடு கிரகப்பிரவேசத்துக்கு வந்தாரே, என்ன சாப்பிட்டாரு?”

யோசித்துப் பார்த்தேன். அன்று விரதம் என்றார். மாடியில் பந்தி நடந்துகொண்டிருந்தது. நான்தான் ஆள் கூப்பிட்டு மரத்திலிருந்து இளநீர் வெட்டிக் கொடுத்தேன். அவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தபோதும் வயிறு சரியில்லை என்றார். அப்போதும் இளநீர்தான். ஊரில் நமக்குத் தெரியாத கணக்கா? சேரிக்கு வரும் அதிகாரிகளுக்கு இளநீரும் சோடாவும்தான் கொடுப்போம். காய் மூடியிருக்கிறது, பாட்டில் மூடியிருக்கிறது, தீட்டு உள்ளே போகாது. எத்தனை கட்டுரைகளில் இதை எழுதியிருக்கிறேன்! சொந்த வீட்டுத் தென்னை மரத்தை மட்டும் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

உண்மையிலேயே பெயிண்ட் வேலை நடந்திருக்கலாம். விரதமும் உண்மையாக இருக்கலாம், வயிறும்தான். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘இருக்கலாம்’ போட்டுக்கொண்டே வாழவேண்டியிருப்பதுதான் நம்முடைய கஷ்டம். முகத்துக்கு நேரே போடா என்பவனை வழக்கில் சந்திக்கலாம். கட்டிப்பிடித்துக் கண் கலங்குகிறவரை என்ன செய்வது? அவருடைய அன்பு பொய் என்று என்னால் சொல்லமுடியாது.

அம்பேத்கர் அந்த நூலில் 1934இல் போன ஒரு சுற்றுலாவையும் எழுதியிருக்கிறார். இயக்கத் தோழர்கள் முப்பது பேர் சேர்ந்து எல்லோரா பார்க்கக் கிளம்பி, வழியில் தௌலதாபாத் கோட்டைக்குப் போகிறார்கள். வாசலில் இருந்த தொட்டியில் முகம் கை கால் கழுவியதற்கு, தண்ணீரைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கூட்டம் கூடிவிடுகிறது. கடைசியில், உள்ளே எங்கேயும் தண்ணீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு, ஆயுதம் ஏந்திய காவலன் ஒருவனைக் கூட அனுப்பி கோட்டையைச் சுற்றிப் பார்க்க விடுகிறார்கள். அப்போது அவர் கொலம்பியாவிலும் லண்டனிலும் பட்டம் வாங்கிய பாரிஸ்டர், வட்டமேசை மாநாடுகளுக்குப் போய் வந்தவர். நல்லவேளை, அவருக்கு அன்று யாரும் இளநீர் கொடுக்கவில்லை. எதிரி யார் என்பதிலாவது குழப்பம் இல்லாமல் இருந்தது.

ஹைதராபாத்திலிருந்து நாகபுரிக்கு சுமார் ஐந்நூறு கிலோமீட்டர். அதிலாபாத் பக்கம் காடெல்லாம் இலை உதிர்ந்து நின்றது. நடுநடுவே புரசு மரத்தில் கடைசிப் பூக்கள். கேனில் தண்ணீர் அடி மட்டத்துக்கு வந்திருந்தது. மகள் வீட்டில் நிரப்பியது.

நாகபுரி நண்பர் வங்கியில் வேலை பார்த்தவர். அவருடைய அப்பா 1956 அக்டோபர் 14 அன்று அம்பேத்கரோடு சேர்ந்து தீட்சை பெற்ற லட்சக்கணக்கானவர்களில் ஒருவர். வீட்டுக் கூடத்தில் புத்தரும் அம்பேத்கரும். எங்களை உட்கார வைத்ததும் நண்பரின் மருமகள் நேராகச் சமையலறைக்கே என் துணைவியைக் கூட்டிப்போய்விட்டார். மறுநாள் காலை தோசை வார்த்தது இவர்தான்.

13ஆம் தேதி நள்ளிரவு சம்விதான் சதுக்கத்தில் வாணவேடிக்கை. 14ஆம் தேதி தீட்சா பூமிக்குப் போகும் வழியெல்லாம் நீலக்கொடி, வெள்ளைச் சேலை, கைக்குழந்தைகள், வெயில். அந்தப் பெரிய வெள்ளை ஸ்தூபியைப் பற்றி எழுதிப் பழகியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன். எனக்கு நினைவில் நிற்பது தண்ணீர்ப் பந்தல்கள்தான். சங்கங்கள், தெருக்காரர்கள், ஊழியர் அமைப்புகள் எல்லாம் சாலையோரம் டிரம் வைத்து, வருகிற போகிறவர்களைக் கையைப் பிடித்து இழுத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். யாரும் யாரிடமும் ஊர் கேட்கவில்லை. பேரன் வயதுச் சிறுமி ஒருத்தி எவர்சில்வர் டம்ளரை நீட்டினாள். என் துணைவி வாங்கினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். டம்ளரை உயர்த்தவில்லை. வாய் வைத்துக் குடித்தார். குடித்து முடித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

பிறகு என்னிடம் திரும்பி, “வண்டியில இருக்கிற கேனை எடுத்துட்டு வாங்க, ரொப்பிக்கலாம்” என்றார்.

ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அந்த ஹைதராபாத் நண்பர் போன் செய்தார். அடுத்த மாதம் ஓய்வூதிய வேலையாகப் புதுச்சேரி வருகிறாராம், மனைவியும் கூட வருகிறாராம். “எங்க தங்கறீங்க?” என்று கேட்டேன். “ஏதாவது லாட்ஜ் பார்த்துக்கறேன்டா” என்றார். என் துணைவி போனை வாங்கி, “அதெல்லாம் வேணாம்ணா, நம்ம வீட்லதான்” என்று சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “சரிம்மா, பார்க்கலாம்” என்றார்.

அவர் சைவம். சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு, வடை என்று முடிவாகிவிட்டது. இளநீர் வெட்ட ஆள் கூப்பிடக் கூடாது, பாட்டில் தண்ணீரும் வாங்கிவைக்கக் கூடாது, நாம் குடிக்கிற குழாய்த் தண்ணீர்தான் என்று எனக்கு உத்தரவு. தேதியை அவர் இன்னும் சொல்லவில்லை.